கணப்புக்கு அந்தப் பக்கம்

புகைபோக்கியைச் சரிசெய்ய வந்த சந்தியாகு கூரைமேல் நடந்துகொண்டிருந்தார். அவர் காலுக்கடியில் ஓடுகள் முனகுவது கீழே ஹாலில் தெளிவாகக் கேட்டது. சுகிர்தத்துக்கு வேண்டிய சத்தம் அது இல்லை. காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் வீட்டு ரேடியோ வாயைத் திறக்கவில்லை. விடிந்தும் விடியாததுமாக அந்த ரேடியோவில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அன்றைக்கான தியானத்தை ஆரம்பிப்பார், அவர் செருமியதும் இவள் எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைப்பாள், மூன்று வருஷமாக அதுதான் ஏற்பாடு. இன்றைக்கு அந்த மனுஷன் செருமவில்லை, இவளும் பால் வைக்கவில்லை, வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள். சாக்கு கட்டியதால் கேட்கவில்லையோ? சந்தியாகு வந்ததும் முதல் வேலையாக இரண்டு வீட்டுக் கணப்பு வாயிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, கரி வீட்டுக்குள் பறக்காதபடி ஓரங்களில் செங்கல்லை வைத்து அழுத்திவிட்டுத்தான் மேலே ஏறினார். ஆனால் ரேடியோ நேரம் அதற்கு முன்னால். அப்போது சாக்கும் இல்லை, சந்தியாகுவும் இல்லை, அப்போதே அந்தப் பக்கம் ஊமையாகத்தான் இருந்தது. நேற்று படுக்கப் போகும்போது இருமினாளே. சீ, என்ன நினைப்பு இது. சாக்கு கட்ட அவர் அங்கே போனபோது, மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தவளுக்குக் கதவு திறந்தது கேட்டது, கதவு தானாகவா திறக்கும்? ஆக, இருக்கிறாள். இருந்துகொண்டு ரேடியோ போடாமல் இருக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சந்தியாகுவைக் கேட்டிருக்கலாம், பக்கத்து வீட்டம்மா எப்படி இருக்காங்க என்று ஒரு வார்த்தை, ஆனால் நாக்கு எழவில்லை. கரி விழும் என்று இவளுடைய நாற்காலியை அவர் ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார். கணப்பிலிருந்து இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பது யாரோ வேற்றார் வீட்டுக்கு வந்து அவர்கள் வெளியே வரக் காத்திருப்பதுபோல இருந்தது.

எல்லாம் இவள் வாயால் வந்தது. ஐப்பசி மழையில் புகைபோக்கியின் தலையிலிருந்து இரண்டு செங்கல் கழன்று உள்ளே விழுந்து, பின்னாலேயே ஒரு காக்கைக் கூடும் கரித்தண்ணீரும் ஹாலுக்குள் வந்ததை மெல்போர்னில் இருக்கும் மகன் ஜோயலிடம் போனில் சொல்லித் தொலைத்தாள். பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான். அதற்குப் பிறகு வருகிற மௌனத்தை நிரப்ப இரண்டு செங்கல் உதவியாக இருந்தது. அவன் அங்கிருந்தே எதையோ தட்டித் தேடி இந்தச் சந்தியாகுவைப் பிடித்துவிட்டான். கணப்பு, புகைபோக்கி வேலைகள் சிறந்த முறையில் செய்து தரப்படும் என்று எழுதிய ஆம்னி வண்டி இன்று காலை வாசலில் வந்து நின்றது. சந்தியாகுவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, தொப்பை, கழுத்தில் ஜெபமாலை, கையில் ஓயாத போன். குன்னூரைச் சுற்றியிருக்கும் பழைய பங்களாக்களெல்லாம் ஹோம்ஸ்டேயாக மாறிவிட்டன, வருகிறவர்கள் அறைக்குள் தீ எரிவதைப் பார்த்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்கிறார்கள், ஆகவே மனுஷனுக்கு மூச்சுவிட நேரமில்லை. இப்போது கூரைமேலேயே யாருடனோ கத்திக்கொண்டிருந்தார், "நாளைக்கு வரேங்க, உங்க சிம்னி எங்கயும் ஓடிப்போயிடாதுங்க," என்று. அவர் கத்துவது புகைபோக்கி வழியாக இறங்கி, சாக்குக்குள் மூக்கடைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு மனுஷன் பேசுவது கேட்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சுவிடுவது கேட்கவில்லையே என்று சுகிர்தத்துக்கு அழுகையாக வந்தது.

சுவர்தான். இந்த வீட்டின் முழுக்கதையும் அந்தச் சுவர்தான். தேயிலைக் கம்பெனியில் தலைமை குமாஸ்தாவாக இருந்த மாமனார், துரை கப்பலேறும்போது இந்த பங்களாவை வாங்கினார். நடுவே ஒரு கனத்த சுவர், அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஹால், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இரண்டு கணப்பு, இரண்டுக்கும் சேர்த்து மேலே ஒரே புகைபோக்கி. இரண்டு பையன்களுக்கு ஆண்டவரே பாகம் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறார் என்று மாமனார் சந்தோஷப்பட்டார். மூத்தவர் தேவசகாயம் சுகிர்தத்தின் வீட்டுக்காரர், இளையவர் தவராஜ் எஸ்தரின் வீட்டுக்காரர். கணப்பை ஒட்டிச் சுவரில் ஒரு கதவு இருந்தது. அது சாத்தப்பட்டதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கம் கேக், அந்தப் பக்கம் முறுக்கு, இடையில் ஓரகத்திகள் இருவரும் தட்டும் கையுமாகப் போய்வந்துகொண்டே இருப்பார்கள். எஸ்தர் அப்போது சின்னப் பெண், அக்கா அக்கா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிவாள். பிறகு அண்ணன் தம்பிக்குள் ஏதோ ஆயிற்று. என்ன ஆயிற்று என்று இப்போது யோசித்தால்கூடச் சரியாகப் பிடிபடவில்லை, சாக்கடை போகும் வழியில் ஆரம்பித்து, அப்பாவின் கோட்டு யாருக்கு என்பதில் சிக்கி, அதிலிருந்து எங்கெங்கோ போயிற்று. ஒரு மே மாதம் தவராஜும் எஸ்தரும் நாசரேத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தேவசகாயம் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கதவைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தது சுகிர்தம். அவர்கள் திரும்பி வந்த அன்று பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான், யாரும் கத்தவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எஸ்தர் சுகிர்தத்துக்கென்று மஸ்கோத்து அல்வா வாங்கிக்கொண்டு வந்து, பையோடு நேரே கதவைப் பார்த்து நடந்தாளாம், கோயிலில் யாரோ ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்கள். இப்போது சண்டைபோட்ட இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாகப் படுத்திருக்கிறார்கள். சண்டையே போடாத இரண்டு பேர் இங்கே சுவரைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் முதலில் பேசுவது என்பதுதான் பிரச்சினை. அதைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆனால் அது ஒன்றே மலைபோல உட்கார்ந்திருக்கிறது.

தேவசகாயம் போன பிறகு கணப்பில் தீ மூட்ட ஆளில்லை. விறகு வெட்டுவது, அடுக்குவது, ஊதுவது எல்லாம் அவர் வேலை, அவளுக்குத் தீயின் முன்னால் உட்காரத்தான் தெரியும். அவர் இருந்தவரை வீட்டில் எப்போதும் சத்தம், டிவி, தீ வெடிக்கும் சத்தம், அவருடைய புலம்பல். எல்லாம் அடங்கிப்போன பிறகு, துக்கத்துக்கு வந்தவர்களும் போன பிறகு, ஜோயலும் விமானம் ஏறிய பிறகு, ஒரு மத்தியானம் செத்த கணப்பின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு ஓர் இருமல் கேட்டது. பக்கத்தில் நின்று இருமினால் எப்படியிருக்குமோ அப்படி. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அது எஸ்தரின் இருமல், முதலில் சின்னதாக ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல, சின்னப் பெண்ணாக இருந்தபோதே அப்படித்தான் இருமுவாள். சுவர் பழசாகிவிட்டது, அதனால் கேட்கிறது என்று சுகிர்தம் முடிவுகட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து நாற்காலி கணப்பின் ஓரத்தைவிட்டு நகரவில்லை. எஸ்தரின் குக்கர் விசில் அடித்தால் இவளும் அரிசி களைவாள். எஸ்தர் பால்காரனோடு சண்டை போட்டால் இவளும் மனசுக்குள் அவனை நாலு வார்த்தை திட்டுவாள். சாயங்காலத் தொடரை எஸ்தர் அங்கே பார்ப்பாள், இவள் இங்கே கேட்பாள், தன் வீட்டு டிவியை அவள் போட்டே நெடுநாளாயிற்று. தனியாகப் பார்க்கிற தொடரில் யார் செத்தால் என்ன, சேர்ந்து பார்த்தால் அல்லவா துக்கம். ஜோயல் அனுப்பிய ஹீட்டர் படுக்கையறையில் கிடந்தது. அதை ஹாலுக்குக் கொண்டுவந்தால் அது போடும் இரைச்சலில் ஒன்றும் கேட்காது, ஆகவே சால்வையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்காருவாள். போன வருஷம் எஸ்தர் கொஞ்ச நாள் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் செத்தபோதுகூட இவள் அப்படி நிலைகுலையவில்லை, உள்ளதைச் சொன்னால் பாவமில்லை. எந்த வேளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நாள் இரண்டு முறை குளித்தாள், ஒரு நாள் குளிக்கவே இல்லை. பெட்டி உருளும் சத்தம் மறுபடி கேட்டபோது சுகிர்தம் சத்தமாகவே அழுதுவிட்டாள்.

"யம்மா, இங்க வாங்க, இதைப் பாருங்க." சந்தியாகு எப்போது இறங்கினார், எப்போது சாக்கை அவிழ்த்தார் என்றே தெரியவில்லை. கணப்புக்குள் முக்கால்வாசி புகுந்து உட்கார்ந்திருந்தார், வெளியே கால் மட்டும் தெரிந்தது. கையில் டார்ச். அவள் எழுந்து போய்க் குனிந்தாள். "மேல வேலை ஆச்சுங்க, தலையைக் கட்டி, மழை விழாம மூடியும் வெச்சாச்சு. பிரச்சினை இங்க இருக்கு. உங்க புகை போற வழிக்கும் அந்த வீட்டுப் புகை போற வழிக்கும் நடுவுல ஒரு சுவர் வரணும். ஒத்தைச் செங்கல் சுவர். அது பேந்து போச்சு. என் தலையே உள்ள போவுது பாருங்க." சுகிர்தம் பார்த்தாள். கரி படிந்த இருட்டுக்கு நடுவே அதைவிடக் கெட்டியான ஓர் இருட்டு. அதன் அடியில் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது, எஸ்தர் வீட்டு வெளிச்சம். "சுவர் வழியாத்தான் கேக்குதுன்னு..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை. "நீங்க தீ மூட்டினா பாதிப் புகை அந்தம்மா வீட்டுக்குத்தான் போகும். அவங்க கரி போட்டுட்டுத் தூங்கினா அந்தக் காத்து உங்களுக்கு வரும், மணமே இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடிச்சிடும். இத்தனை நாள் ரெண்டு பேரும் மூட்டாம இருந்தது நல்லதாப் போச்சு. கையோட அடைச்சிடறேன், ஒரு மணி நேர வேலை." "அடைச்சா... சத்தம்?" என்றாள். "என்ன சத்தம்?" என்றார் சந்தியாகு. "ஒண்ணுமில்ல. அடைக்காம விட்டா என்ன?" அவர் வெளியே வந்து, கரி அப்பிய முகத்தோடு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விடலாங்க. ஆனா ரெண்டு வீட்லயும் சாகிற வரைக்கும் தீ மூட்டக் கூடாது. இந்தக் குளிர்ல அது ஆகுற காரியமா? பொதுச் சுவரு, அந்தம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்." வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

சுற்றிக்கொண்டு போக வேண்டும். கேட்டைத் திறந்து, ரோட்டில் நாலு எட்டு நடந்து, இன்னொரு கேட்டைத் திறந்து. அவ்வளவு தூரம்தான், அவ்வளவு தூரத்தைத்தான் இத்தனை வருஷமாக யாராலும் நடக்க முடியவில்லை. சுகிர்தம் நாற்காலியை இழுத்து மறுபடி கணப்போரம் போட்டுக்கொண்டாள். கரி பட்டால் படட்டும். அடைக்கட்டும் என்று எஸ்தர் சொல்லிவிட்டால்? ஏன் சொல்ல மாட்டாள், சந்தோஷமாகச் சொல்லுவாள், அவளுக்கென்ன, குளிர் தாங்காத உடம்பு, கதகதப்பாக உட்கார்ந்து தொடர் பார்க்கலாம். அடைத்த பிறகு இந்த ஹால் எப்படி இருக்கும்? துக்கத்துக்கு வந்தவர்கள் போன அன்று இருந்ததுபோல இருக்கும், ஒவ்வொரு நாளும் அப்படியே. அவள் விழுந்து கிடந்தால்கூடத் தெரியாது. விழுந்து கிடந்தால் யாருக்கு யார் தெரியாது? இவளுக்கு அவள். அவளுக்கு இவள் என்பதைச் சுகிர்தம் யோசித்ததே இல்லை. கதவு தட்டும் சத்தம் ஓட்டை வழியாக வந்தது. பிறகு சந்தியாகுவின் குரல், ஏதோ இந்த அறையிலேயே நிற்பதுபோல. "இப்படி இருக்கு நிலைமை, அடைச்சிடலாங்களாம்மா?" சுகிர்தம் கணப்புப் பக்கம் காதைச் சாய்த்தாள். "அவங்க என்ன சொல்றாங்களோ அப்படியே செய்ங்க," என்று எஸ்தர் சொன்னாள், மெதுவாக. குரல் சாதாரணமாக இருந்தது, உடம்புக்கு ஒன்றுமில்லை, சுகிர்தத்துக்கு ஒரு நிமிஷம் அதுவே போதுமாக இருந்தது. அப்போது சந்தியாகு சாக்கை அவிழ்த்தபடி சிரித்துக்கொண்டே சொன்னார், "இந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கட்டுங்களா, நீங்களும் அடுப்போட ஒட்டிப் போட்டிருக்கீங்க. அடேயப்பா, இங்க நின்னா அந்த வீட்டுச் சத்தம் மொத்தமும் விழுதே! காலையில சாக்கு கட்ட வந்தப்பகூட அவங்க போன்ல மகன்கிட்ட பேசினது ஒரு வார்த்தை விடாம கேட்டுதுங்களே." எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. சுகிர்தமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கேட்டுவிடும்.

சந்தியாகு திரும்பி வந்து, அந்தம்மா உங்க இஷ்டம்னு சொல்லிட்டாங்க, கலவை போட்டுட்டு வரேன் அதுக்குள்ள சொல்லுங்க, என்று முற்றத்துக்குப் போனார். சுண்ணாம்பையும் மணலையும் மண்வெட்டியால் புரட்டும் சத்தம் ஆரம்பித்தது. சுகிர்தம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு பேசியிருக்கிறாள். தான் பேசாதவள் என்று நினைத்திருந்தாள், ஊரில் கேட்டால் சுகிர்தத்தம்மா வாயில்லாப் பூச்சி என்பார்கள். தனியாக இருக்கும் மனுஷி என்ன சத்தம் போட்டுவிட முடியும்? போட்டிருக்கிறாள். செத்தவரோடு சண்டை போட்டிருக்கிறாள், கதவை அடைச்சு என்னத்தைக் கண்டீரு என்று அவர் போட்டோவைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். எஸ்தர் பாட்டுப் பாடும்போது அவள் ராகம் தப்புவதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், கழுதைகூட இதைவிட நல்லாப் பாடும் என்று. ஐயோ, அதற்குப் பிறகு எஸ்தர் பாடவே இல்லை. தொடர் கேட்கும்போது, சவம், கொஞ்சம் சத்தமா வெச்சாத்தான் என்ன, ஒரு எழவும் விளங்கல என்று அலுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த டிவி வீடே அதிரும்படி அலறியது. எஸ்தருக்குக் காது மந்தமாகிவிட்டது, வயதாகிறதல்லவா என்று இவள் இரக்கப்பட்டாள். இரக்கப்பட்டதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னாள், செவிடாப் போயிட்டாளே பாவம் என்று. அதையும் அவள் கேட்டுக்கொண்டு, மந்தமாகாத காதோடு, அந்த அலறலுக்குப் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜெபம். ஜெபத்தை நினைத்ததும் சுகிர்தத்துக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, இந்தக் குளிரில். அவள் பிறந்த வீட்டில் யாரும் மனசுக்குள் ஜெபிக்க மாட்டார்கள். முழங்கால் போட்டு, கண்ணை மூடி, வாய்விட்டு, பெயர் சொல்லி, விவரம் சொல்லி ஜெபிக்க வேண்டும், அரைகுறையாகச் சொன்னால் ஆண்டவர் என்ன செய்வார் பாவம். இந்த நாற்காலியில் முழங்கையை ஊன்றி, கணப்புக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, காலையிலும் சாயங்காலமும் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஜோயல் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரியுது ஆண்டவரே என்று. மூட்டு வலி, மலச்சிக்கல், எதைத்தான் விட்டாள். முழங்கால் வீங்கிப் பாத்திரம் தேய்க்க முடியாமல் கிடந்தபோது, வேலைக்கு ஒரு நல்ல பெண்ணை அனுப்பும் தகப்பனே என்று அழுது கேட்டாள். அந்த வாரமே ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள், ஆள் வேணும்னு யாரோ சொன்னாங்க என்று. யார் என்று சுகிர்தம் கேட்கவே இல்லை, அவளுக்குத்தான் தெரியுமே. காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது போதகர் வந்து நின்றார், இந்தப் பக்கம் வந்தேன், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு, என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அறுப்புப் பண்டிகையில் சுகிர்தம் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். ஒரு மனுஷருக்கும் நான் சொல்லல, கர்த்தர் நேரடியாக் கேட்டார், நேரடியா அனுப்பினார் என்று கண்ணீரோடு சொன்னாள், சபையே ஆமென் என்றது. பின் பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். அவளும் ஆமென் சொல்லியிருப்பாள். அதை நினைத்ததும் சுகிர்தத்துக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது, திருடி, என் ஜெபத்தையெல்லாம் திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறாளே என்று. ஆத்திரம் வந்த வேகத்தில் எழுந்துகூட நின்றுவிட்டாள். அப்புறம் இவள் மட்டும் என்ன செய்துகொண்டிருந்தாளாம்? நின்றவள் மறுபடி உட்கார்ந்தாள்.

எல்லாவற்றையும்விடக் கடைசி ஜெபம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது, ஆமென் சொல்வதற்கு முன்னால், சத்தத்தைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வாள், எனக்கு முந்தி எஸ்தரை எடுத்துக்கொள்ளாதேயும் ஆண்டவரே, அவ இல்லாம நான் என்ன செய்வேன். அன்பு என்றுகூட அதைச் சொல்ல முடியாது, சுத்தமான சுயநலம், அவள் இருமல் இல்லாவிட்டால் தனக்குப் பொழுது விடியாது என்ற பயம். அதைத் தினமும் எஸ்தர் கேட்டிருக்கிறாள். கேட்டும் வராமல் இருந்திருக்கிறாள். வருவதற்கு அவளுக்கு எந்த வாசல் இருந்தது, அல்வாவோடு நடந்து போனவளுக்குச் சுவரையல்லவா காட்டினோம். குளிர் தாங்காத எஸ்தர், மார்கழியில் காதோடு மப்ளர் கட்டிக்கொண்டு திரியும் எஸ்தர், மூன்று வருஷமாக ஒரு நாள்கூட அந்தக் கணப்பைப் பற்றவைக்கவில்லை. விறகு எரிந்தால் சடசடக்கும், ஒன்றும் கேட்காது. முற்றத்தில் மண்வெட்டி நின்றுவிட்டது. அடைக்கச் சொல்லாவிட்டால் இரண்டு பேரும் இப்படியே ஆளுக்கொரு பக்கம் விறைத்துக்கொண்டு, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி, யார் மூச்சு முதலில் நிற்கிறது என்று கேட்டபடி உட்கார்ந்திருக்கலாம். அடைக்கச் சொன்னால் அதுவும் இல்லை. நேரே போய்க் கதவைத் தட்டலாம் என்று ஒன்று இருக்கிறது. தட்டினால் திறக்காமல் போய்விட்டால்? செங்கல்லைவிட அது மோசம். அந்தப் பக்கம் இன்னும் நிசப்தமாக இருந்தது. ரேடியோ இல்லை, பாத்திரம் உருளவில்லை, காலையிலிருந்தே இல்லை. இன்றைக்குப் புகைபோக்கிக்கு ஆள் வருகிறான் என்று நேற்று போனில் ஜோயல் சொன்னதை இவள் திருப்பிச் சொன்னாள் அல்லவா, அதிலிருந்து எஸ்தரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து, என்ன ஆகப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் எஸ்தரின் மனசு இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது சுகிர்தத்துக்கு இதுதான் முதல் தடவை.

சந்தியாகு கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "என்னங்கம்மா முடிவு? சுண்ணாம்பு காய ஆரம்பிச்சா அப்புறம் கல்லு பிடிக்காது." கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டிவிட்டுச் சுகிர்தம் கணப்பின் மேல்பலகையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினாள். முழங்கால் உயிர்போகிற மாதிரி வலித்தது. தலையை உள்ளே நீட்டினாள், கரி வாசனை தொண்டையை அடைத்தது. "எஸ்தர்!" பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம். ஆண்டவரிடம் சொன்ன பெயர்தான், அவளிடமே சொல்லும்போது வாய் குழறியது. எங்கே கேட்காமல் போய்விடுமோ என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். "எஸ்தர், இதை அடைக்கச் சொல்லப்போறேன்! அடைச்சாத்தான் ரெண்டு பேரும் தீ மூட்டிக் குளிர் காய முடியும்! ஆனா நான் சாயங்காலம் அங்க வாரேன், வாசல் வழியா வாரேன், கதவைத் திறப்பியா?" சந்தியாகு சட்டியும் கையுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கரி உதிர்ந்து அவள் தோளில் விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை. திறக்க மாட்டாள், ஏன் திறக்க வேண்டும், அவள் இடத்தில் நானிருந்தால் திறப்பேனா என்று சுகிர்தம் தலையை வெளியே எடுக்கப்போன நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"கத்தாதீங்கக்கா. கேக்குது."

காதுக்குப் பக்கத்தில்தான் சொன்னாள், அவளும் முழங்கால் போட்டுத்தான் இருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது. பிறகு, "சாயங்காலம் வரைக்கும் என்னத்துக்கு? காலையிலருந்து நீங்க ஒண்ணும் குடிக்கல. இப்பவே வாங்க. டீ போடுறேன், சீனி போடாம," என்றாள்.

சுகிர்தம் அப்படியே பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். சீனி வியாதி வந்திருப்பதை அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. ஜோயலுக்குச் சொல்லவில்லை, வேலைக்கு வரும் பெண்ணுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்து ஆண்டவரிடம்கூடச் சொல்லாமல்தான் வைத்திருந்தாள். ரத்தப் பரிசோதனை முடிந்து வந்த அன்று, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தைத் தனக்குத்தானே ஒரு தடவை வாசித்துப் பார்த்து, சீனி, போச்சு, என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான். "அடைச்சிடுங்க," என்று சந்தியாகுவிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடினாள்.